கொழுந்தோடு கொழுந்தாக ஒரு கம்ப்யூட்டர்

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி. எங்கள் தேயிலைத் தோட்டத்து மானேஜரான பெரிய துரை தொழிற்சாலையின் மேல்மாடிக்கு ஏறி வந்தார்.

மேல்மாடி என்றால் பச்சைக் கொழுந்தை வாட்டுகிற இடம். நீள நீளமான கம்பிவலைத் தொட்டிகள். அவற்றில் கொழுந்தைப் பரப்பிவைத்தால், அடியிலிருந்து பெரிய ஃபேன்கள் காற்றடித்து வாட்டும். துரை ஒவ்வொரு தொட்டியாகக் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது தொட்டியில் கை நின்றது.

பாதித் தொட்டியில் கொழுந்து. மீதிப் பாதியில்... ஒரு கம்ப்யூட்டர்.

முழுசாகக்கூட இல்லை. கழற்றிப் பரப்பிய கம்ப்யூட்டர். மதர்போர்டு ஒரு பக்கம், ரேம் இரண்டும் ஒரு பக்கம், கிராஃபிக்ஸ் கார்ட் நடுவில் — கல்யாண வீட்டில் வாழையிலையில் பரிமாறியதுபோல வரிசையாக. ஓரத்தில் ஐந்து ஃபேன்கள்.

“இது என்னா சாமான்?” என்றார் துரை.

அந்தச் சாமான் என்னுடையது. நான் நாலடி தள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். மறைந்து என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். என் வயிறு அந்தத் தூணைவிட அகலம்.

துரைக்கு என்ன பதில் கிடைத்தது? சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கம்ப்யூட்டர் கொழுந்தோடு போய்ப் படுத்த கதையைச் சொல்லவேண்டும். வெட்கக்கேடான கதை. அதனால்தான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் — ஊர் முழுக்கப் படிக்கிற பத்திரிகையில்.

இந்தப் பக்கத்தை இன்றுதான் முதன்முறை புரட்டுகிறவர்களுக்கு: நான் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத் தொழிற்சாலையில் கிளாக்கர், அதாவது கணக்கெழுதுகிற கிளார்க். சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடுப்பவன். வயது நாற்பத்தேழு. மூளைக்கு மட்டும் பதினேழு என்பது வீட்டில் உள்ளவரின் கணிப்பு.

வீட்டில் உள்ளவர் என் மனைவி. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே பாடசாலைக்கு வந்த கணக்கு டீச்சர். ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அதில் ஒரு வசதி — திட்டு வாங்கும்போது மாணவன் மாதிரி குனிந்து நிற்கலாம், மரியாதை குறையாது.

என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு கல்யாணத்தை எடிட் பண்ணி முடிப்பதற்குள் அந்தத் தம்பதிக்கு முதல் குழந்தை பிறந்துவிடும். ஆகவே புதிதாக ஒன்று. கடையில் ரெடியாக விற்கிற பெட்டியா? சேச்சே! ஒவ்வொரு உறுப்பாக நானே தெரிந்தெடுத்து, நானே பூட்டுகிற உயர்ரகப் பெட்டி. ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கித் திட்டம் போட ஆரம்பித்தேன்.

சொந்தத் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. மதர்போர்டுக்கும் ப்ராசஸருக்கும் பொருந்துகிறதா? பொருந்துகிறது. ரேமுக்கு? கொஞ்சம் இடிக்கிறது... மாற்று. ப்ராசஸர் டுவல் கோர். ரேம் இரண்டு ஜிபி. ஹார்ட் டிஸ்க் இரண்டு. டிவிடி ரைட்டர். எல்லாவற்றுக்கும் மேலே, சிறிய செங்கல் பருமனில் ஒரு கிராஃபிக்ஸ் கார்ட். பட்டியலைப் பதினோரு தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரிஸ்வானிடம் காட்டினேன். அவர் மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார்.

“எடிட்டிங்குக்கா சேர், இல்ல ராக்கெட் ஏதும் விடப்போறீங்களா?”

டீச்சருக்கு இந்தக் கேள்வியெல்லாம் போதாது. அவர் நேராக ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

“இஞ்சேரப்பா, கலியாண வீடியோவுக்கு உந்த கிராஃபிக்ஸ் காட் என்னத்துக்கு?”

“அதுவா... பொண்ணோட சேலை ஜரிகை இருக்குல்ல, அது தெளிவாத் தெரியணும்னா...”

“அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் எடுத்த கலியாணங்களில பொம்பிளையள் என்ன சாக்கே கட்டிக்கொண்டு நிண்டவை?”

குனிந்து நின்றேன். உண்மையைச் சொல்ல முடியுமா? அந்தக் கார்ட் கார் ரேஸ் விளையாட. ஹட்டன் — நுவரெலியா ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸுக்குள் பைப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறவன் நான். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்ட எனக்கும் ஆசை இருக்காதா? உட்கார்ந்த இடத்தில், கால்களில் கம்பளி போர்த்திக்கொண்டு?

இங்கேதான் என்னுடைய பயம் உள்ளே நுழைகிறது. சென்னையிலிருந்து வருகிற ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையை நான் தவறாமல் படிப்பேன். அதில் ஒரு கட்டுரை. உயர்ரகக் கம்ப்யூட்டரின் முதல் எதிரி சூடு! சூடு ஏறினால் ப்ராசஸர் பொசுங்கும், கார்ட் கருகும், போட்ட காசெல்லாம் புகையாகும்! எழுதினவர் சித்திரை மாதத்தில், ஃபேன் இல்லாத அறையில், வியர்த்து ஒழுகிக்கொண்டே எழுதியிருக்கவேண்டும். படித்த நானோ ஆனி மாதத்து ஹட்டனில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படித்தேன். பல் டகடகவென்று அடித்தது. குளிரினால் இல்லை — கம்ப்யூட்டருக்குச் சூடு ஏறிவிடுமோ என்ற பயத்தால்.

பெட்டியைச் சுற்றி ஐந்து ஃபேன் வைத்தேன்.

அதோடு விட்டேனா? கம்ப்யூட்டரை நிறுத்தினால் ஃபேனும் நின்றுவிடும். அப்போது உள்ளே மிச்சமிருக்கிற சூடு என்னாவது? ராத்திரியெல்லாம் உள்ளேயே கிடந்து புழுங்காதா? ஆகவே ஐந்து ஃபேனுக்கும் தனியாக ஒரு வயர் இழுத்து, கம்ப்யூட்டர் தூங்கினாலும் ஃபேன் தூங்காதபடி செய்தேன். காற்றோட்டத்துக்காகப் பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னலையும் திறந்துவைத்தேன்.

எங்கள் பக்கத்து ஆனி, ஆடி மாதங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். வெயில் என்பது வதந்தி. துவைத்த சட்டை காய எட்டு நாள். உப்புப் போத்தலைச் சாய்த்தால் சொட்டும். தீப்பெட்டியில் பத்துக் குச்சி உரசினால் ஒன்று மனமிரங்கும். திறந்த ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, கதிரையில் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

அந்த ஜன்னலைத்தான் திறந்துவைத்தேன்.

முதல் மூன்று வாரம் மெசின் பறந்தது. பழைய கம்ப்யூட்டரை வவுனியாவில் இருக்கும் மனைவியின் தங்கை வீட்டுக்கு லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். புதிய மெசினைப் ‘பரிசோதிக்க’ ஆரம்பித்தேன். கார் ரேஸில் பரிசோதித்தேன். மறுநாளும் பரிசோதித்தேன். ஒரு பொறுப்புள்ள மனிதன் மெசினை முழுசாகப் பரிசோதிக்காமல் வேலையில் இறங்கலாமா? மேசை லாச்சியில் நான்கு கசெட்கள் எடிட் பண்ணாமல் கிடந்தன. எங்கே ஓடிவிடப் போகின்றன?

அந்த நான்கு கசெட்கள் ஆறுமுகண்ணன் மகளுடைய கல்யாணம்.

ஆறுமுகம் எங்கள் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுபவர். என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். அவருடைய மனைவி செல்லம்மா மூன்று வருஷமாகக் குவைத்தில் வீட்டு வேலை. மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டார். கிடைக்கவில்லை. மணமகளின் தாய் நிற்கவேண்டிய இடத்தில் பெரியம்மா ஒருவர் நிற்க, வைகாசியில் கல்யாணம் நடந்தது. எடுத்தவன் நான்.

பூண்டுலோயாவைச் சேர்ந்த ஒரு பெண், செல்லம்மா வேலை செய்யும் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வேலை செய்பவர், லீவில் வந்திருந்தார். திரும்பிப் போவது சனிக்கிழமை காலை. அவர் கையில் டிவிடியைக் கொடுத்துவிட்டால் நேராகச் செல்லம்மா கைக்குப் போய்விடும். தபாலில் அனுப்பினால் அது வீட்டுக்கார மேடம் கைக்குத்தான் போகும். அந்த மேடம் மனம்வைத்துக் கொடுத்தால் உண்டு.

“பெருசா ஒண்ணும் வேணாங்கய்யா. அவ பாக்கணும். அம்புட்டுதான்” என்று ஆறுமுகண்ணன் சொல்லியிருந்தார்.

“அண்ணே, புது மெசின்! ரெண்டே நாள் வேலை” என்று நான் சொல்லியிருந்தேன்.

அந்தச் சனிக்கு முந்திய சனியன்று, நான் பூண்டுலோயாவில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போய் ஞாயிறு பகல் திரும்பினேன். இரண்டு நாளும் ஐந்து ஃபேனும் தவறாமல் ஓடின. ஜன்னலும் தவறாமல் திறந்திருந்தது.

பட்டனை அமுக்கினேன். ஒன்றுமில்லை.

மறுபடி அமுக்கினேன். ஒரு சின்ன ‘கீச்’. பிறகு மௌனம். பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே... கிராஃபிக்ஸ் கார்டின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர். காலைப் பனியில் புல்லின் மேல் நிற்குமே, அந்த அழகில். வேறு யாருடைய கம்ப்யூட்டராக இருந்தாலும் ரசித்திருப்பேன்.

ரிஸ்வானுக்கு ஃபோன் போட்டேன். “போர்ட் போயிருக்கும் சேர். கொழும்புக்கு அனுப்பணும். பத்து நாளாவது வேணும்” என்றார். ஹட்டனில் இருந்த இரண்டு ஸ்டூடியோக்களிலும் கேட்டேன். ஆடி பிறப்பதற்குள் முடித்த கல்யாணங்களெல்லாம் அங்கே வரிசையில் நின்றன. இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார்கள்.

ஒரு நேர்மையான மனிதன் இந்த இடத்தில் என்ன செய்வான்? நேராக ஆறுமுகண்ணனிடம் போய் உண்மையைச் சொல்வான். நான் என்ன செய்தேன்? கொஞ்சம் இங்கிலீஷ் பேசினேன்.

ஞாயிறு மாலை வந்து கேட்டார். “ரெண்டரிங் ஓடுதுண்ணே” என்றேன்.

“அப்படீன்னாங்க?”

“படத்த மெசின் சமைக்குது. நடுவுல தொறக்கக் கூடாது.”

தலையாட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை தொழிற்சாலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“இன்னும் ஓடுதுங்களாய்யா? எதுவரைக்கும் வந்திருக்கு?”

“தாலி கட்டுற எடம்.”

செவ்வாய்க்கிழமை பகல் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கதவைப் பாதி திறந்து, உடம்பால் மீதியை அடைத்துக்கொண்டேன்.

“தாலி கட்டுற எடம்ண்ணே” என்றேன்.

“நேத்தும் தாலிதானுங்கய்யா கட்டிக்கிட்டு இருந்தாங்க?”

நான் அடுத்த இங்கிலீஷ் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆறுமுகம் அண்ணை, உள்ளுக்க வாங்கோ! உங்கட மகள் மூண்டு நாளாக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிக்கிறா. பாவம், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. மெசின் செத்துக் கிடக்கு. உவர் சொல்லுறது முழுக்கப் பொய்!”

கணக்கு டீச்சரைக் கல்யாணம் செய்யாதீர்கள். விடையை ஒளித்துவைக்கத் தெரியாது அவர்களுக்கு.

ஆறுமுகண்ணன் உள்ளே வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மேசையருகே போய், திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டார். கொழுந்தை அளைவாரே, அதே மாதிரி. விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் ஃபேன்களைப் பார்த்தார் — இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலைப் பார்த்தார் — ஒரு துண்டு மேகம் அப்போதுதான் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

“ஐயா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ஈரக்காத்த ஃபேன் போட்டு அடிச்சா கொழுந்து வாடுங்களா?”

“வாடாது...”

“அப்ப இதுக்கு மட்டும் ஏன் அடிக்கிறீங்க?”

“சூடு ஏறாம இருக்கண்ணே.”

அவர் என் இரண்டு ஸ்வெட்டரையும் பார்த்தார். மரியாதைக்காகச் சிரிக்கவில்லை.

“மேல்மாடிச் செவத்துல ரெண்டு கண்ணாடிக் குழா மாட்டியிருக்குல்லங்க? ஒண்ணு ஈரத்துணி சுத்துனது. தெனம் காலையில வந்து பாத்துப் பாத்து எழுதிட்டுப் போறீங்களே, அது எதுக்குன்னு எழுதுறீங்க?”

பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற கருவி அது. ஈரம் அதிகமென்றால் வெறும் காற்றை அடிக்காதே, சூடான காற்றைக் கலந்து அடி — இவ்வளவுதான் அதன் பொருள். ஆனால் நான் அதை எதற்காக எழுதினேன்?

“ஹெட் ஆபீசுக்கு” என்றேன்.

எங்கள் வீட்டு டீச்சர் அடுப்படிக்குப் போய்விட்டார். சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

ஆறுமுகண்ணன் ஐந்து ஃபேனின் வயரையும் ஒரே இழுப்பில் பிடுங்கினார். ஜன்னலைச் சாத்தினார். “தூக்குங்கய்யா” என்றார்.

“எங்கே?”

“மாடிக்குத்தான். வாட்டிப் பாப்போம்.”

அரை மணி நேரத்தில் என் உயர்ரகக் கம்ப்யூட்டர் ஏழாவது தொட்டியில் துண்டு துண்டாகப் படுத்திருந்தது. நான் கழற்றினேன், அவர் பரப்பினார். ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது என்றார். கொழுந்தென்றாலும் சரி, இரும்பென்றாலும் சரி, நெருக்கினால் வேர்க்குமாம். அடியில் காற்றைத் திறந்துவிட்டு, சூடு கலக்கும் கதவை ஒரு விரலளவு திறந்தார்.

“இன்னும் கொஞ்சம் சூடு வைங்கண்ணே. சீக்கிரம் காயும்” என்றேன். சூடு என்றாலே அலறியடித்துக்கொண்டிருந்த அதே வாய்தான்!

“அவசரப்பட்டா மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் அப்பிடியே நிக்கும். அப்பறம் வேலைக்கு ஆகாது. நாளைக்குப் பகல் வரைக்கும் கெடக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க.”

நான் வீட்டுக்குப் போகவில்லை என்று நீங்கள் நினைத்தால், என்னைப் பெரிய ஆளாக நினைக்கிறீர்கள். போனேன். சாப்பிட்டேன். படுத்தேன். கிராஃபிக்ஸ் கார்ட் அரைபட்டுத் தேயிலைத் தூளாக வருவதாகக் கனவு கண்டேன்.

புதன்கிழமை காலை மேல்மாடியில் ஆறுமுகண்ணன் ஒவ்வொன்றையும் எடுத்து, மறுபக்கம் புரட்டிவைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் படியில் பூட்ஸ் சத்தம்.

இப்போது முதல் காட்சிக்கு வந்துவிட்டோம். துரை நிற்கிறார். நான் தூணுக்குப் பின்னால். “இது என்னா சாமான்?” என்ற கேள்வி காற்றில் நிற்கிறது. சொந்தக் கம்ப்யூட்டரைத் தொழிற்சாலைத் தொட்டியில் காயப்போட்டதற்கு என்ன தண்டனை? பத்தொன்பது வருஷ வேலை போனால் டீச்சர் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமா? அவர் போடுவாரா? எல்லாவற்றையும் ஒரே நொடியில் யோசித்து முடித்துவிட்டேன். டுவல் கோர் ப்ராசஸர் தோற்றது போங்கள்!

ஆறுமுகண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“காத்துல எம்புட்டு ஈரம் இருக்குன்னு பாக்குற மெசினுங்க, தொரைகளே.”

துரை குனிந்து பார்த்தார். ஐந்து ஃபேன்களைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

“ஆமா ஆமா, ஃபேன் இருக்கு. ஹெட் ஆபீஸ் அனுப்பினதா?”

“கிளாக்கரையாதான் கொண்டாந்தாருங்க.”

“கிளாக்கர் எங்கே?”

தூணிலிருந்து என்னைப் பிய்த்தெடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். துரை என் தோளில் தட்டினார். “நல்ல சாமான். ஏன் எனக்குச் சொல்லல்ல? இன்வென்டரியில போடு” என்று சொல்லிவிட்டு எட்டாவது தொட்டிக்குப் போனார்.

“யெஸ் சேர்” என்றேன். வேறு என்ன சொல்வது? ‘இல்லை சேர், அதில் நான் கார் ஓட்டுவேன்’ என்றா?

பகல் வந்தது. ஆறுமுகண்ணன் மதர்போர்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இப்ப பூட்டுங்க” என்றார். மேல்மாடியின் மூலையில் ஒரு பழைய மேசை. வீட்டிலிருந்து திரையையும் ஸ்பீக்கரையும் தூக்கி வந்தேன். ஒவ்வொன்றாகப் பூட்டினேன். பட்டனை அமுக்கினேன். செல்லம்மா பார்ப்பாரா மாட்டாரா என்பது அந்தப் பட்டனில் இருந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று... ‘பீப்’.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் மேல்மாடியே அதிர்ந்தது. “வ்ர்ர்ரூம்!” மெசின் திறந்ததும் தானாகக் கார் ரேஸ் தொடங்குகிற மாதிரி நான்தான் முன்பு அமைத்துவைத்திருந்தேன். திரையில் சிவப்புக் கார் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. கொழுந்து அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் கூடையோடு ஓடி வந்தார்கள்.

ஆறுமுகண்ணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏங்கய்யா... நம்ம புள்ள கல்யாணத்துல காரு ரேஸு எப்ப நடந்துச்சு?”

“அது... டெஸ்டிங்குண்ணே.”

“இதையும் அவளுக்கு அனுப்பிறாதீங்க. மாப்புள்ள வீட்டுக்காரங்க ரொம்ப வேகம்னு நெனைச்சுக்குவா.”

மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம். மறுபடி மேகம் வந்து உட்கார்ந்தால்? ஆகவே லீவு போட்டுவிட்டு, புதன் பகலிலிருந்து வெள்ளி வரை, கொழுந்து வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்து எடிட் பண்ணினேன். ஆறுமுகண்ணன் தொட்டிக்குத் தொட்டி நடக்கிற இடைவெளியில் வந்து எட்டிப் பார்ப்பார்.

நான் என்னுடைய மெசினின் வீரத்தையெல்லாம் அதில் இறக்கினேன். மணமக்கள் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வெளிவந்தார்கள். இருதயத்துக்குள் சிரித்தார்கள். பிறகு முழு நிலாவுக்குள் போய் நின்றார்கள்.

“ஐயா, இவங்க ஏன் நெலாவுல போயி நிக்கிறாங்க?”

“அது எஃபெக்ட்ண்ணே. இந்த மெசின்ல மட்டுந்தான் இவ்வளவு சுத்தமா வரும்.”

கையிலிருந்த கொழுந்தைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரையருகே வந்தார்.

“அவ நெலாவ அங்கேயே பாத்துக்குவாங்க. நம்ம லயத்து வீடுகள்லேருந்து யாரு யாரு வந்தாங்க, புள்ளைக்கு யாரு தல பின்னி விட்டாங்க, பந்தியில எல்லாருக்கும் சோறு பத்துச்சா... அதுதான் அவளுக்கு வேணும். அந்தப் பந்திய வெட்டாமப் போடுங்க.”

பந்தி நாற்பது நிமிஷம். ஒரு எடிட்டரின் தன்மானத்துக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. நிலாவை எடுத்தேன். ரோஜாவை எடுத்தேன். இருதயத்தையும் எடுத்தேன். பந்தியை முழுசாகப் போட்டேன். பழைய மெசினே செய்திருக்கக்கூடிய வேலை — வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை.

கடைசியாக இன்னொன்று கேட்டார். தயங்கித் தயங்கி.

“என்னைய மட்டும் கொஞ்சம் வெட்டிருங்கய்யா. ரொம்பக் காட்டாதீங்க.”

“பொண்ணோட அப்பாவ வெட்டுறதா? என்னண்ணே வெக்கம்! அதெல்லாம் முடியாது.” மகளுக்குத் திருநீறு பூசும் இடத்தில் அவரைக் கிட்டத்தில் காட்டி, அரை நிமிஷம் நிறுத்திவைத்தேன். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளி மாலை டிவிடி தயார். சனி காலை ஹட்டன் பஸ் நிலையத்தில் பூண்டுலோயாப் பெண்ணின் கைப்பைக்குள் அது போனதை நானும் ஆறுமுகண்ணனும் நின்று பார்த்தோம். பஸ் வளைவில் திரும்பிய பிறகும் அவர் கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன். மூன்று நாள் பொய் சொன்னவனுக்கு முதலில் நகர்ந்து போக உரிமை இல்லை.

திங்கட்கிழமை, தொழிற்சாலைச் சாமான்களைப் பதிகிற இன்வென்டரி புத்தகத்தைத் திறந்தேன். அதை எழுதுவது யார்? நானேதான். என் உயர்ரகக் கம்ப்யூட்டரை, என் கையாலேயே, முத்து முத்தான எழுத்தில் எழுதினேன்: ‘காற்றின் ஈரம் பார்க்கும் கருவி, ஃபேன்களுடன் — ஒன்று.’ துரை கையெழுத்து வைத்தார். அது இன்னும் மேல்மாடி மூலையில்தான் இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் வந்து பார்த்து, தங்களுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமென்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கார் ரேஸ் விளையாட வேண்டுமானால் நான் துரைக்கு விண்ணப்பம் எழுதவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகண்ணன் வீட்டுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பா, வருத்தமா என்று தெரியாத ஒரு கோலம்.

“செல்லம்மா ஃபோன் பண்ணுனாங்கய்யா. பாத்துட்டாளாம்.”

“பாத்தாங்களா! என்ன சொன்னாங்க?” என்று குதித்தேன். டீச்சரும் அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்.

“அந்த வீட்டுச் சின்னப் புள்ளையோட கம்ப்யூட்டருப் பெட்டியில போட்டுப் பாத்தாளாம். சத்தத்தக் கொறச்சு வச்சு. பந்தி வந்தப்ப நிறுத்தி நிறுத்தி ஒவ்வொருத்தரு பேரையும் சொன்னாளாம். ஒருத்தர் விடல. ஏழு தடவ பாத்துட்டேன்னா.”

“அவ்வளவுதானா?”

அவர் தரையைப் பார்த்தார்.

“என்னையத் திட்டுனாங்க. கல்யாணத்துக்குன்னு அங்கேருந்து ஒரு சட்ட அனுப்பியிருந்தா. ‘அத விட்டுட்டு, அந்தப் பழைய சட்டையப் போட்டு நின்னிருக்கியே? காலர்ல நூலு பிரிஞ்சு தொங்குறது இங்க வரைக்கும் தெரியுது’ன்னா.”

“ஏன் அண்ணை, புதுசைப் போட்டிருக்கலாம்தானே?” என்றார் டீச்சர்.

“அவ வர்ற அன்னைக்குப் போடலாம்னு வச்சிருக்கேங்க, டீச்சரம்மா.”

டீச்சர் தேத்தண்ணி போட உள்ளே போனார். நானும் பின்னாலேயே போய்க் கோப்பைகளைக் கழுவினேன். இது என் வாழ்க்கையில் அபூர்வம்.

ஆறுமுகண்ணன் குடித்துவிட்டுப் போன பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்றேன்.

“பாத்தியா? கல்யாண வீடியோவுக்கு கிராஃபிக்ஸ் கார்ட் எதுக்குன்னு கேட்டியே... காலர்ல பிரிஞ்ச நூலு கடல் தாண்டித் தெரிஞ்சுதில்ல, இதுக்குத்தான்!”

முதன்முறையாக டீச்சர் ‘சரிதான்’ என்று தலையாட்டினார்.

கேமரா பிடித்த நூலுக்கும் அந்தக் கார்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருந்தால்... தயவுசெய்து, எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள்.